நடக்காத பேச்சுக்கு ஒரு பூட்டு

அத்தியாயம் 5

விசாரணைக் குழுவின் தலைவர் அரசியலுக்கு வருவதற்கு முன்னால் பல் டாக்டராக இருந்தவர். அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பது அவருக்குக் கைவந்த கலை என்று சொல்லித்தான் இந்தப் பொறுப்பை அவர் தலையில் கட்டினார்கள். அன்று காலை எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தபோது, அவர் தன் வாயைத் திறக்கவே ரொம்ப யோசித்தார்.

"சாயங்காலம் நாலு மணிக்கு விசாரணையை முடிக்கிறோம். அதுக்குள்ள செயலாளர் வரலைன்னா, மதகை அந்த ஆளு தன்னிச்சையாத் திறந்தார்னுதான் அறிக்கை போகும். எனக்கு வேற வழி இல்லை," என்றார்.

அந்த ஆளின் அக்கா எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பஸ் கண்டக்டர். சீருடையிலேயே வந்திருந்தார். மடியில் இருந்த டிக்கெட் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"தன்னிச்சையாவா?" என்றார் அக்கா. "வீட்டுல தண்ணிக் குழாயைத் திறக்கக்கூட 'அக்கா, திறக்கட்டுமா'ன்னு கேக்கிறவன் சார் என் தம்பி. அவன் போய் அணையைத் திறப்பானா?"

பல் டாக்டர் மேஜையைப் பார்த்தார். மேஜை பதில் சொல்லவில்லை.

கதை இதுதான். போன மாதம் ஒரு மாலை, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அணையின் மதகு திறந்தது. ஆற்றோரக் குடியிருப்பு மூழ்கியது. மூன்று பேர் செத்துப்போனார்கள். மறுநாள் காலை அணையின் மேல்கரையில் அமைச்சர் ஒரு படகுத்துறையைத் திறந்து வைப்பதாக இருந்தது. அதற்குப் போட்ட மேடையின் படிக்கட்டு வரை தண்ணீர் ஏறியிருந்தது. மதகு திறந்ததும் தண்ணீர் இறங்கிவிட்டது. மேடை விரிப்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அமைச்சரின் துறைச் செயலாளர் போனில் சொல்லித்தான் திறந்தேன் என்றார் மதகு இயக்குபவரான அந்தத் தம்பி. மதகு அறையின் போன் வெள்ளத்தோடு போய்விட்டது. போன் பதிவைக் கேட்டால் தேடுகிறோம் என்று துறையில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அமைச்சர் சட்டமன்றத்தில் எழுந்து, அன்று மாலை தமக்குக் கடும் காய்ச்சல், போனைத் தொடவே இல்லை, யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றார். செயலாளர் நெஞ்சுவலி என்று ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். மதகு இயக்குபவருக்கு எந்த வலியும் இல்லாததால் அவரை ஜெயிலில் வைத்திருந்தார்கள்.

அண்ணி அதுவரை வாயே திறக்கவில்லை. அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். நான் உதவியாளன். அண்ணன் வீட்டில் இருக்கிறார். அவரைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி இதுவரை யாரும் வரவில்லை. ஊரில் பாதிப்பேர் என் அண்ணியை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள், அவரைவிட மூத்தவர்களும்கூட.

"செயலாளர் வந்தா உண்மையைச் சொல்லுவாரா டாக்டர்?" என்று கேட்டார் அண்ணி.

"எங்க சொல்றது? அரசு வக்கீல் விடுவாரா? அமைச்சரும் அதிகாரியும் தங்களுக்குள்ள பேசினதை வெளியே சொல்லத் தேவையில்லைன்னு ஒரு சிறப்புரிமை இருக்கு அண்ணி. நியாயமான உரிமைதான். ஆனா இந்த மனுஷன் அதை எல்லாத்துக்கும் போட்டு மூடுவார். போன தடவை ஒரு அதிகாரியைப் பார்த்து, உங்க ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறக்கும்னு கேட்டேன். எழுந்து நின்னுட்டார், சிறப்புரிமைன்னு."

"எல்லாத்துக்குமா?"

"மழை வருதான்னு கேட்டாலும் எழுந்திருப்பார்."

அண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த கண்ணாடி அது. அதை அவர் துடைத்தால் ஏதோ பிடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அது வழக்கம்தான்.

"சம்மனைக் கொடுங்க. நாலு மணிக்குள்ள கூட்டிட்டு வர்றோம்."

"அவர் கையில கொடுக்கணும். வீட்டுக் கதவுல ஒட்டினா செல்லாது. கையில வாங்கிட்டார்னா வந்தே ஆகணும்."

வெளியே வந்ததும் அக்கா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவனைப் பார்க்கப் போனேன். அந்த மூணு பேரோட பேரைக் கேக்கிறான். எதுக்குடான்னா, தெரிஞ்சுக்கணும்கிறான். சாப்பிட மாட்டேங்கிறான். எனக்குப் பயமா இருக்கு."

"நாலு மணிக்கு இங்க வந்துடுங்க," என்றார் அண்ணி.

*

"நெஞ்சுவலிக்காரரைத் தேடாதே. டிரைவரைத் தேடு," என்று அண்ணி என்னிடம் சொல்லியிருந்தார். "நோயாளியை ஒளிச்சு வெக்கலாம். அவரோட வண்டியை எங்க ஒளிக்கிறது?"

ஆகவே ஊரில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிகளின் கார் நிறுத்தங்களை எல்லாம் நான் சுற்றி வந்தேன். இரண்டு இடத்தில் வண்டித் திருடன் என்று சந்தேகப்பட்டார்கள். ஒரு இடத்தில் காவலாளி என்னைப் பிரசவத்துக்கு வந்தவரின் கணவன் என்று நினைத்து, பெண் குழந்தை பிறந்திருப்பதாக வாழ்த்துச் சொன்னார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதற்கடுத்த ஆஸ்பத்திரியில்தான் அந்த வண்டி நின்றது. அண்ணிக்குப் போன் செய்தேன்.

அண்ணி ஆட்டோவில் வந்து இறங்கி வண்டியைச் சுற்றிப் பார்த்தார். வெள்ளை வண்டி, முன்பக்கம் ஒரு பதவிப் பலகை, அதன் மேல் இழுத்து மாட்டிய கறுப்புத் தோல் உறை. அதிகாரி வண்டியில் இல்லாதபோது பலகையை உறை போட்டு மூட வேண்டும் என்பது அந்த டிரைவர்களின் ஒழுங்கு. இந்த டிரைவரும் ஒழுங்காக மூடிவிட்டு, பின் சீட்டில் ஒழுங்காகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"இத்தனை வண்டியில இதை எப்படிடா கண்டுபிடிச்சே?"

"மூடாம விட்டிருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன் அண்ணி. எல்லா வண்டியிலயும்தான் எதையாவது எழுதி ஒட்டியிருக்கான், யார் படிக்கிறா? இது ஒண்ணுதான் தொப்பி மாட்டிக்கிட்டு நிக்குது. உள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும்போல இருந்துச்சு, தூக்கிப் பார்த்தேன்."

"அதை மறந்துடாதே," என்றார் அண்ணி.

"எதை?"

"நீ இப்ப சொன்னதை."

நான் சொன்னதை ஞாபகம் வைக்கச் சொல்லி வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை. சற்றுப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் தனி அறைகள். அறைக் கதவுகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். வராந்தாவின் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு அமைச்சரின் பி.ஏ. உட்கார்ந்திருந்தார். அவர் படம் அமைச்சரின் படத்தோடு எல்லாச் சுவரொட்டியிலும் ஓரமாக வரும் என்பதால் அடையாளம் தெரிந்தது. அவரைத் தாண்டித்தான் யாரும் போக வேண்டும்.

"இவரை எழுப்பணும்," என்றார் அண்ணி மெதுவாக.

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு பி.ஏ.வின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "என்னது, ஐயா வண்டி கேட்டுக்குள்ள வந்துடுச்சா? வரவேற்க ஒருத்தரும் இல்லையா? அடக் கடவுளே!" என்றேன். எந்த ஐயா என்று நான் சொல்லவில்லை. போனில் சார்ஜும் இல்லை.

பி.ஏ. பையிலிருந்து சீப்பை எடுத்தபடியே படிக்கட்டில் இறங்கி ஓடினார். லிஃப்டுக்காகக் காத்திருக்கும் பொறுமை அவருக்கு இல்லை.

இனி ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்திரிகையில் வந்த செயலாளரின் படம் என் கையில் இருந்தது. அதில் கோட்டு, கறுகறு தலை, மழுமழு முகம். வராந்தாவில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே வெளிர்நீல அங்கி, நரைத்த தாடி, சாயம் போன தலை. ஆஸ்பத்திரி அங்கியைப் போட்டுவிட்டால் மந்திரியும் மாவு மில்காரரும் ஒன்றுதான்.

"ஒவ்வொருத்தரா 'சார்'னு கூப்பிட்டுப் பார்க்கட்டுமா அண்ணி? திரும்பறவர் அதிகாரி."

"எல்லாருமே திரும்புவாங்க. பேசாம நில்லு."

அண்ணி லிஃப்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் ஒரு நோயாளி நின்றிருந்தார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால். கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறக்கவில்லை. அவர் முகத்தில் லேசாக அதிருப்தி வந்தது. யாரோ கடமை தவறிவிட்டார்கள் என்ற அதிருப்தி அது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி, இரண்டு பக்கமும் பார்த்தார். மறுபடி கதவைப் பார்த்தார்.

பட்டனை அழுத்தவே இல்லை.

"என்னடா தெரியுது?" என்றார் அண்ணி.

"லிஃப்ட் ரிப்பேர்."

"லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு. பட்டனை அழுத்துறதுக்குன்னு ஒரு ஆளு கூடவே இருந்து பழகினவர் அவர்."

அண்ணி போய்ப் பக்கத்தில் நின்று பட்டனை அழுத்தினார். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கீழே," என்றார்.

"நானும் கீழதான் சார் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். விசாரணைக் குழுவுக்கு," என்று சொல்லி அண்ணி சம்மனை நீட்டினார்.

செயலாளரின் கைகள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன. அவை இன்னும் இறுக்கமாகக் கோத்துக்கொண்டது பின்னால் நின்ற எனக்குத் தெரிந்தது. பல காகிதங்களை வாங்காமல் தப்பித்த அனுபவசாலி.

"எனக்கு நெஞ்சுவலி," என்றார்.

"இருக்கும் சார். எனக்கே இருக்கு," என்றார் அண்ணி. "மதகு ரூம்ல இருந்தவரோட அக்காவைக் காலையில பார்த்தேன். தம்பி ஜெயில்ல சாப்பிட மாட்டேங்கிறாராம். செத்துப்போனவங்க பேரைக் கேட்டுட்டே இருக்காராம்."

லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. யாரும் ஏறாததால் மூடிக்கொண்டது.

"நான் பயந்துக்கிட்டுப் படுக்கலைம்மா," என்றார் செயலாளர் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "நான் வந்தா, ஒண்ணு பொய் சொல்லணும், இல்ல அமைச்சர் என்கிட்டப் பேசினதை வெளியே சொல்லணும். என் சர்வீஸ்ல ரெண்டையும் நான் செஞ்சதில்லை. எத்தனையோ அமைச்சர்கள். ஒருத்தர் பேச்சைக்கூட இன்னொருத்தர்கிட்டச் சொன்னதில்லை. அதை இப்ப உடைக்க மாட்டேன்."

"உடைக்க வேண்டாம். நீங்க பேசவே வேண்டாம்."

"பேசாம?"

"வந்து நாற்காலியில உட்காருங்க. போதும்."

"உட்கார்ந்தா என்ன ஆகும்?"

"நீங்க உட்கார்ந்தா இன்னொருத்தர் எழுந்திருப்பார். மத்ததை அவர் பார்த்துப்பார்."

செயலாளருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஒரு பெரிய அதிகாரியோடு ஒரே நிலையில் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பி.ஏ. திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"அந்த மதகு ரூம் ஆளுக்கு என் குரல் நல்லாத் தெரியும்," என்றார் செயலாளர், எங்களுக்கா தனக்கா என்று தெரியாமல். "ஹலோன்னு சொன்னதுமே 'சொல்லுங்க சார்'னு சொன்னான்."

முதுகுக்குப் பின்னாலிருந்து வலது கை முன்னால் வந்தது. சம்மனை வாங்கிக்கொண்டது.

*

நாலு மணிக்குச் சற்று முன்னால், சாட்சி நாற்காலியில் செயலாளர் உட்கார்ந்திருந்தார். சம்மனைக் கையில் வாங்கிவிட்டவரை பி.ஏ.வால் தடுக்க முடியவில்லை. கோட்டு போட நேரமில்லை. கசங்கிய சட்டை, ஆஸ்பத்திரிச் செருப்பு. பார்வையாளர் பெஞ்சில் அக்கா, அண்ணி, நான். வழியில் அண்ணி பல் டாக்டருக்குப் போன் செய்து, முதலில் என்ன கேட்க வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வியைச் சொல்லியிருந்தார். பல் டாக்டர் அதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தாராம். ஏன் சிரித்தார் என்று கேட்டேன். பார்த்துத் தெரிந்துகொள் என்றார் அண்ணி.

எதிர்ப் பக்கத்தில் அரசு வக்கீல் உட்கார்ந்திருந்தார். செயலாளர் வருவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எழுந்து வீட்டுக்குப் போகும் தோதில் நாற்காலி நுனியில் இருந்தார். அது அவருக்கு எழ வசதியாகப் போயிற்று.

"செயலாளர் அவர்களே," என்றார் பல் டாக்டர், மிகவும் சாதாரணமாக. "அன்று மாலை அமைச்சர் உங்களிடம் போனில் என்ன சொன்னார்?"

செயலாளர் வாயைத் திறக்கவில்லை. திறப்பதற்கு அவகாசமும் இல்லை. அரசு வக்கீல் எழுந்துவிட்டார்.

"இந்தக் கேள்வியை ஆட்சேபிக்கிறேன்! அமைச்சர் அன்று மாலை செயலாளரிடம் தொலைபேசியில் சொன்னவை அரசின் உள் ஆலோசனை. முழுப் பாதுகாப்புக்கு உரியவை. சிறப்புரிமை!"

"முழுசுமா?"

"முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும்!"

"அதாவது, முதல் வார்த்தையும் இருந்தது, கடைசி வார்த்தையும் இருந்தது," என்றார் பல் டாக்டர்.

"நிச்சயமாக. நடுவில் இருந்தவையும்..." என்று வக்கீல் ஆரம்பித்தார். அந்த இடத்தில் அவருக்கே ஏதோ இடறியது.

"காய்ச்சல்ல படுத்திருந்தேன், போனைத் தொடவே இல்லைன்னு அமைச்சர் அவையில சொல்லியிருக்கார்," என்றார் பல் டாக்டர். "பேசவே இல்லைன்னு அவர் சொல்றார். பேசினதை வெளியே விடமாட்டேன்னு நீங்க சொல்றீங்க. நடக்காத பேச்சுக்கு எதுக்குங்க பூட்டு?"

எனக்குக் கார் நிறுத்தத்தில் பார்த்த அந்தக் கறுப்புத் தோல் உறை ஞாபகத்துக்கு வந்தது. திரும்பி அண்ணியைப் பார்த்தேன். அண்ணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். செயலாளர் வராமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கேள்வி வராவிட்டால் வக்கீல் மூடவும் வந்திருக்க மாட்டார். காலி நாற்காலியைப் பார்த்து யார் ஆட்சேபிப்பார்கள்?

"அடுத்த கேள்வி," என்றார் பல் டாக்டர். "இது அமைச்சரைப் பத்தினது இல்லை. அன்னைக்குச் சாயங்காலம் நீங்க மதகு அறைக்குப் போன் செஞ்சீங்களா? மதகு இயக்குபவர் அமைச்சர் இல்லை. அவர்கிட்டப் பேசினது ஆலோசனையும் இல்லை."

எல்லோரும் அரசு வக்கீலைப் பார்த்தோம். அவர் பாதி எழுந்தார். இதற்கும் சிறப்புரிமை என்றால் இந்தப் பேச்சும் நடந்ததாக ஆகிவிடும் என்பது இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது. பாதியிலேயே நின்று, பிறகு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்ததே இல்லை என்று குழு அலுவலர்கள் பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

செயலாளர் தன் செருப்பைப் பார்த்தார். பேசத் தேவையில்லை என்று அண்ணி சொல்லியிருந்தார். அவர் பேசாமலே எழுந்து போயிருக்கலாம்.

"செஞ்சேன்," என்றார். "மேடைக்குத் தண்ணி ஏறுது, மதகைத் திறன்னு சொன்னேன். எச்சரிக்கைச் சங்கு ஊத வேண்டாம், விருந்தாளிங்க பயந்துடுவாங்கன்னு சொன்னேன். அந்த ஆளு தானாத் திறக்கலை. நான் சொல்லித்தான் திறந்தான்."

என் பக்கத்தில் டிக்கெட் பையின் கிளிப் திறந்து மூடிக்கொண்டே இருந்தது. அக்கா அழுதுகொண்டிருந்தார். சத்தமே வரவில்லை.

மதகு இயக்குபவர்மீது அறிக்கையில் ஒரு வரிகூட வராது என்றும், இன்றைய சாட்சியம் இப்போதே நீதிமன்றத்துக்குப் போகிறது என்றும் பல் டாக்டர் அறிவித்தார். மணி நாலு அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

*

வெளியே வந்தபோது வராந்தா காலியாகிக்கொண்டிருந்தது. காலையில் செயலாளரைப் பார்த்திருந்தால் ஓடி வந்திருக்கக்கூடிய ஆட்கள் எல்லோரும் இப்போது சுவரோரமாக, அவரைத் தெரியாதவர்கள் மாதிரி போனார்கள். அவர் லிஃப்டுக்கு முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார். கைகள் பின்னால். பட்டன் அழுத்தப்படாமல் இருந்தது.

நான் போய் அழுத்தலாம் என்று ஓரடி வைத்தேன். அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அக்கா அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"என் தம்பி அன்னைக்கு உங்களுக்கு என்ன பதில் சொன்னான் சார்?"

செயலாளர் திரும்பிப் பார்த்தார். 'தம்பி' என்றதுமே யார் என்று புரிந்திருக்க வேண்டும்.

"'கீழ ஆளுங்க இருக்காங்க சார்'னு சொன்னான். ரெண்டு தடவை சொன்னான்."

"நீங்க?"

"சொன்னதைச் செய்னு சொன்னேன்."

அக்கா ஓரடி நெருங்கினார். அடிக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

"அவன் ரெண்டு தடவை சொன்னான்கிறதை கோர்ட்லயும் சொல்லுவீங்களா?"

"சொல்லுவேம்மா."

"அவன்கிட்டப் போய் நான் சொல்றேன். சாப்பிடுவான்." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் தோளில் மாட்டினார். படிக்கட்டுப் பக்கம் நாலடி போய், திரும்பி நின்றார்.

"பட்டனை அழுத்துங்க சார். தானா வராது."

செயலாளர் பின்னாலிருந்து கையை எடுத்தார். எந்தப் பட்டன் என்று ஒரு கணம் பார்த்தார். பிறகு அழுத்தினார்.